இருபத்தேழாம் எண்

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது பெயர்களை மறப்பதைத்தான். எலியானாலும் மனிதரானாலும் எங்கள் மேசைக்கு வரும்போது அது ஒரு எண். எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் உப்புத்தண்ணீர், யார் நோயாளி, யார் நோயில்லாதவர் என்கிற பட்டியல் அலுவலகத்து இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடக்கும். எண்ணி முடிக்கிற வரைக்கும் அதைத் தொடக் கூடாது. தெரிந்துவிட்டால் கண் ஓரவஞ்சனை செய்யும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். இருபது வருடமாக இதைப் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமை இருக்கும். அந்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஆராய்வது மூளைச் சிதைவு நோய்களை. குறிப்பாக, கை நடுங்கி உடம்பு விறைத்துப்போகிற நடுக்குவாதத்தை. நடுமூளையில் மை ஊற்றினாற்போல ஒரு கறுப்புப் பட்டை உண்டு. நோய் முற்றமுற்ற அது வெளுத்துப்போகும். மெல்லிசாகச் சீவிய மூளைத் துண்டுகளைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்ணோக்கியில் வைத்து, மிச்சமிருக்கும் உயிரணுக்களை எண்ணுவது என் வேலையில் பாதி. மீதிப் பாதி கரண்டுக்கும் ஜெனரேட்டருக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே ஓடுவது. விசேஷ வீடுகளில் யாராவது என்ன வேலை பார்க்கிறாய் என்று என்னிடம் கேட்டால், என் அக்காவின் கணவர் முந்திக்கொள்வார். "எலி மூளைய எண்ணுதுங்க. என்ற மூளைய எண்ணிச் சொல்லும்மான்னா, எண்ணறதுக்கு ஒண்ணுமில்லீங்க மாமான்னு சொல்லுது" என்பார். உண்மையில் நான் அப்படிச் சொன்னதே இல்லை. பந்தியே சிரிக்கும், அக்காவும் சிரிப்பாள்.

அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். புதுச்சத்திரத்துக்கு உள்ளே தள்ளி அவர்களுக்குக் கோழிப்பண்ணை. எங்கள் அப்பாவும் பண்ணை வைத்திருந்தவர்தான். அக்கா பிறந்தது ஒரு ஷெட்டுப் பக்கம், வாழ்க்கைப்பட்டது இன்னொரு ஷெட்டுப் பக்கம். அவளுக்கு மூக்குதான் எல்லாம். காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் ஒரு மூச்சு இழுப்பாள். "அமோனியா ஏறிருக்குது, படுதாவத் தூக்குங்க" என்பாள். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் வரப்போவது டாக்டருக்கு முந்தி அவளுக்குத் தெரியும் என்று அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சொல்வார்கள். மக்காச்சோள லோடு வந்தால் லாரி டிரைவர்கள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி மோந்து பார்ப்பாள். பூஞ்சை வாசம் இம்மியளவு இருந்தாலும் போதும், "இதக் கொண்டுபோயி உங்க ஓனருக்கே ஆக்கிப் போடுங்க சாமி, என்ற கோழி திங்காது" என்று லோடைத் திருப்பிவிடுவாள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான்.

நடுக்குவாதத்தில் கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே சிலருக்கு மூக்கு போய்விடும். மூக்கு போனவர்களுக்கெல்லாம் இந்த நோய் வருவதில்லை. ஆனாலும் அது ஒரு தடயம். எங்கள் பக்கத்து ஆட்களிடம் அதைச் சோதித்துப் பார்க்க ஓர் ஆய்வு தொடங்கினோம். வெளிநாட்டிலிருந்து வந்த வாசனைப் பெட்டியைத் திறந்தால் பைன் மரமும் என்னென்னவோ பழங்களும் இருந்தன. மல்லூர்க்காரர் பைன் மரத்தை எங்கே மோந்தார்? அதை ஓரமாக வைத்துவிட்டு நாங்களே பன்னிரண்டு புட்டிகள் தயாரித்தோம். பெருங்காயம், காப்பித்தூள், மல்லிகை, வேப்பெண்ணெய், கற்பூரம், பூண்டு, கருவாடு, டீசல் என்று இங்கே மூக்குள்ள எவருக்கும் தெரிந்தவை. புட்டியை மோந்து, நான்கு பெயர்களில் ஒன்றைச் சொல்லவேண்டும்.

நோயாளிகள் கிடைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்கள்தான் கிடைக்கவில்லை. மூளை ஆராய்ச்சிக்கு வாருங்கள் என்றால், "எனக்கென்ன மறை கழண்டுபோச்சா?" என்று திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் எல்லா ஆய்வாளர்களும் செய்கிறதை நானும் செய்தேன், தெரிந்தவர்களைக் கெஞ்சினேன். டிரைவரின் மாமியார், என் வீட்டுக்காரரின் சிநேகிதர்கள், கேன்டீன்காரர் எல்லாரும் வந்தார்கள். அக்காவுக்குப் போன் செய்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்கா, மாமா, பக்கத்துப் பண்ணைக்காரர்கள் நாலு பேர், ஆக ஆறு பேர் முட்டை வண்டியில் வந்து இறங்கினார்கள். வெறுங்கையோடு வரக் கூடாது என்று இரண்டு அட்டை முட்டை வேறு.

விதிப்படி நான் சோதனை அறைக்குள் போகவில்லை. உதவியாளர்தான் சோதித்தார். வெளியே வந்ததும் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"எப்படிங்க்கா இருந்துச்சு?" என்றேன்.

"ஒண்ணும் செரமமில்ல சாமி. பூராத்துக்கும் சொல்லிப்போட்டேன்" என்றாள் அக்கா.

விடைத்தாள்கள் சில வாரம் கழித்து என் மேசைக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் எண், வயது வரம்பு, தொழில், மதிப்பெண். அவ்வளவுதான். எந்த எண் நோயாளி, எந்த எண் நோயில்லாதவர் என்பதை மட்டும் பெயரில்லாமல் அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படம் வரைந்தேன். நோயில்லாதவர்களின் புள்ளிகள் மேலே கூட்டமாக நின்றன, நோயாளிகளின் புள்ளிகள் கீழே. பார்க்க அழகாக இருந்தது. ஒரே ஒரு புள்ளி மட்டும், நோயில்லாதவர் பட்டியலில் வந்தது, கீழே போய் நோயாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. எண் இருபத்தேழு. தொழில் கோழிப்பண்ணை. பன்னிரண்டில் மூன்றுதான் சரி.

அது அக்கா. இப்போது தெரியும், அன்றைக்குத் தெரியாது. ஆறு பேரில் ஒருவர் என்று மட்டும் தெரியும். மாமாவாகத்தான் இருக்கும், பீடி குடித்துக் குடித்து மூக்கு போயிருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அக்காவாக இருக்கலாம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. மூக்கு விஷயத்தில் அக்காவைச் சந்தேகிப்பது, பால் வெள்ளைதானா என்று சந்தேகிப்பது மாதிரி.

ஆனால் அந்தப் புள்ளி உறுத்தியது. கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்கிறவர்கள் கேள்வி கேட்பார்கள். யோசித்தேன். வருடக்கணக்காக அமோனியாவில் நிற்கிறவர்கள், மூக்கு மரத்துப்போயிருக்கும். காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் ஒருவரை மட்டும் நீக்கினால் வேண்டுமென்றே பொறுக்கி எடுத்தாற்போலத் தெரியும். கோழிப்பண்ணைக்காரர்கள் எல்லாரையும் நீக்கினால் அது விதி ஆகிவிடும். ஆறு தாளையும் தனியே எடுத்து வைத்து, மேல் தாளில் "தொழில் காரணம், நீக்குக" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படம் சுத்தமாகிவிட்டது. கட்டுரையும் வெளிவந்தது. ஆய்வகத்தில் மிக்சர் வாங்கிக் கொண்டாடினோம்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அக்கா ஒரு லோடு மக்காச்சோளத்தை இறக்கிக்கொண்டாள். அள்ளி மோந்துதான் இறக்கினாளாம். பத்து நாளில் கோழிகள் தீவனத்தைத் தொடாமல் சோர்ந்தன, முட்டை குறைந்தது, பிறகு சாகத் தொடங்கின. மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் அடியில் பச்சை பச்சையாகப் பூஞ்சை. மாமா போனில் என்னிடம் கொதித்தார். "உங்கக்காளுக்கு இப்பல்லாம் வேலையில மனசே இல்ல. ஏனோதானோன்னு மோந்துபோட்டு எறக்கிட்டா" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. வயசாகிறது, அலுப்பு வந்திருக்கும் என்று சமாதானம் சொன்னேன். மூக்கைப் பற்றிக் கட்டுரை எழுதியவள் அப்படிச் சொன்னேன்.

அப்புறம் நாங்கள் சேலத்தில் வீடு கட்டிப் புதுமனை புகுந்தோம். அக்கா முந்தின நாளே வந்தாள். வந்தவள் ஹாலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததுதான். எழுந்து பந்தியைக் கவனிக்கவில்லை, வந்தவர்களை வாங்க என்று கூப்பிடவில்லை, முகத்தில் ஒரு சிரிப்பில்லை. போட்டோக்காரர், "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்று மூன்று தடவை சொன்னார். என் நாத்தனார் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "உங்கக்காவுக்கு உங்க வீட்டப் பாத்து வயித்தெரிச்சலோ?" என்று கிசுகிசுத்தாள். நான் அவளை அதட்டியிருக்கவேண்டும். அதட்டவில்லை. உள்ளுக்குள் எனக்கும் அதே எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு நல்லது நடக்கிற நாளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் கிளம்பும்போது வாசல் வரைக்கும் போனேன், கேட் வரைக்கும் போகவில்லை.

அதன்பிறகு எட்டு மாதம் நான் பண்ணைக்குப் போகவில்லை. போனும் நானாகச் செய்யவில்லை. அவள் கூப்பிட்டாள். குரல் சன்னமாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது. பேச இஷ்டமில்லாமல் கடமைக்குப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டு, "வேலை இருக்குதுங்க்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவேன். ஒரு கோபத்துக்கு இன்னொரு கோபம் பதில் என்று நினைத்திருந்தேன். அவள் பக்கத்தில் கோபமே இருந்திருக்கவில்லை.

இந்த நோயில் முகத் தசைகள் விறைத்துப்போகும். உள்ளே சிரித்தாலும் முகம் சிரிக்காது. முகமூடி முகம் என்று நாங்களே பேர் வைத்திருக்கிறோம். மருத்துவ மாணவர்களுக்கு வருடா வருடம் வகுப்பெடுக்கும்போது, வீட்டு ஆட்கள் இதைக் கோபம் என்றும் திமிர் என்றும் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், நீங்கள்தான் எடுத்துச் சொல்லவேண்டும் என்று சொல்வேன். புதுமனைக்குப் பிறகு வந்த வருடமும் அதைச் சொன்னேன். ஊருக்குத்தான் உபதேசம்.

மாமாதான் ஒருநாள் கூப்பிட்டார். "தோளு புடிச்சுக்கிச்சுன்னு ஆறு மாசமா எண்ணெ தேச்சுட்டிருக்குதும்மா. எலும்பு டாக்டருகிட்டயும் காட்டியாச்சு. நேத்து கையில இருந்த கரண்டிய நழுவ உட்டுருச்சு. நீ ஒருக்கா வந்து பாரு" என்றார். சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். பண்ணை கேட்டைத் திறக்கும்போது, இரண்டு ஷெட்டுகளுக்கு நடுவில் இருக்கும் தடத்தில் அக்கா எதிரே நடந்து வந்துகொண்டிருந்தாள். இடது கை வீசி வந்தது. வலது கை முழங்கையில் மடங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அடி சின்னச் சின்னதாக விழுந்தது. முப்பது தப்படி தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வாரதுக்கு இத்தன நாளாச்சா சாமி?" என்றாள். முகத்தில் எதுவும் இல்லை. கண் மட்டும் நனைந்திருந்தது.

நரம்பு மருத்துவர் இரண்டாம் நாளே உறுதி செய்தார். மாத்திரை தொடங்கியது. தோள் பிடிப்பு கொஞ்சம் இளகியது, அக்கா நடையும் கொஞ்சம் தேறியது. குணமாகும் வியாதி இல்லை என்பதை மாமாவிடம் நான்தான் சொன்னேன். அவர் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டார், நிமிரவில்லை. "அந்த லோடுக்கு அவள அந்தப் பேச்சுப் பேசிப்போட்டனேம்மா" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது ஆண்டகளூர் கேட்டைத் தாண்டியதும் எனக்கு அந்தப் புள்ளி ஞாபகம் வந்தது. திங்கள்கிழமை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அலமாரியைத் திறக்கச் சொன்னேன். காரணம் என்ற இடத்தில் "குடும்பம்" என்று எழுதினேன். பொறுப்பிலிருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பட்டியலை நீட்டினார். இருபத்தேழுக்கு நேராக அக்காவின் பெயர். அவளே எழுதியது. எழுத்து கடைசியில் பொடியாகிப் பொடியாகி எறும்பு மாதிரி சிறுத்திருந்தது. அந்த எழுத்தும் ஒரு தடயம்தான். அதையும் நாங்கள்தான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம்.

கட்டுரை வெளிவந்த இதழுக்கு நடந்ததைச் சொல்லித் திருத்தக் கடிதம் எழுதினேன். கிடைத்தது, பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. அது ஒருபக்கம் போய்க்கொண்டிருந்தது. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரும்பாடாக இருந்தது. முன்பே தெரிந்திருந்தால் நோய் நின்றிருக்காது, அது நிச்சயம். ஆனால் தோளுக்கு எண்ணெய் தேய்த்த மாதங்கள் மிச்சமாகியிருக்கும். மாமாவின் ஏச்சு மிச்சமாகியிருக்கும். என் எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மூன்று தடவை பண்ணைக்குப் போய்ச் சொல்லாமல் திரும்பினேன்.

நான்காம் தடவை சொல்லிவிட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து தீவன ரூம் நிழலில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அடுத்த மாத்திரைக்கு இன்னும் நேரம் இருந்தது. மாத்திரை வேகம் இறங்குகிற நேரத்தில் அவள் முகம் மறுபடி இறுகிவிடும். புட்டி, எண், புள்ளி, மாமாவின் பீடி, நான் எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்துப் போனேன், அழுதேன்.

ஷெட்டில் கோழிகள் தொட்டித் தகரத்தைக் கொத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அந்தப் புட்டியிலெல்லாம் வாசம் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சுங்க்கா. எல்லாத்துலயும்."

"வெறும் புட்டியக் குடுத்து ஆழம் பாக்கறாங்கன்னு நெனச்சேன். ஒண்ணும் மணக்கலீன்னு சொன்னா, நீ கூட்டியாந்த ஆளு இப்பிடின்னு உனக்குக் கெட்ட பேராயிருமேன்னு வாய்க்கு வந்ததச் சொல்லிப்போட்டேன்."

அவள் இடது கையால் வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எங்கூட வந்த மத்தவியெல்லாம்? உங்க மாமன், அந்த நாலு பேரு? அவியெல்லாம் நல்லாச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"உங்க மாமன் கூடவா?"

"பதினொண்ணு சரிங்க்கா."

"மத்த அஞ்சு பேரும் நல்லாச் சொன்னது உனக்கு அப்பவே தெரியுமா?"

இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கட்டுரையைப் படித்தவர்கள் கேட்கவில்லை. என் உதவியாளர் கேட்கவில்லை. திருத்தக் கடிதத்தில்கூட அந்த ஐந்து தாள்களைப் பற்றி நான் மென்று முழுங்கித்தான் எழுதியிருந்தேன். ஆறு தாளும் அன்றைக்கு என் கையில்தான் இருந்தன. ஐந்து பேரின் மூக்கு நன்றாகவே இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஆறையும் சேர்த்து நீக்கினேன்.

"தெரியுங்க்கா" என்றேன்.

"ஒரு கோழி செத்தா நாம என்ன பாப்போம்? நீயும் பண்ணையில பொறந்தவதான? ஒரு கூண்டுல மட்டும் செத்துச்சா, வரிசைக்கே செத்துச்சான்னு பாப்போம். வரிசைக்கே போனா தண்ணியில கோளாறு, காத்துல கோளாறு. ஒரு கூண்டுல மட்டுமுன்னா அந்தக் கோழிக்குத்தான் நோவு. அதப் புடிச்சுத் தனியா வெச்சுப் பாக்கோணுமா, வரிசையவே தூக்கிக் கடாசோணுமா?"

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நோயின் குரல் அது. திட்டுகிறாளா, நொந்துபோய்ச் சொல்கிறாளா, கோழி வளர்ப்பைப் பற்றிச் சும்மா பேசுகிறாளா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. முகத்தைப் பார்த்தேன். கண்கூட அதிகம் இமைக்கவில்லை. அந்த முகத்துக்குப் பின்னால் என்னென்ன உயிரணுக்கள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று என்னால் சொல்ல முடியும். அவள் என்ன நினைக்கிறாள் என்று மட்டும் தெரியவில்லை. இதே முகத்தைப் பார்த்து ஒருமுறை நானாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அதனால் இந்தத் தடவை வாயைத் திறந்து கேட்டேன்.

"எம்மேல கோபமாங்க்கா?"

பதில் வர நேரமாயிற்று. இந்த நோயில் பதில் வர நேரமாகும், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரம் பெரிதாக இருந்தது.

"கோபந்தான்" என்றாள். "இல்லாம இருக்குமா? நெம்பக் கோபம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எழுந்து போவதா, இருப்பதா என்று தெரியாமல் கைப்பையை எடுத்து மடியில் வைத்தேன். அவளுடைய இடது கை மெதுவாக வந்து பையின் வாரைப் பிடித்துக்கொண்டது.

"அதுக்குன்னு மறுக்காவும் எட்டு மாசம் வராம இருந்துராத சாமி. அவ்வளவு நாளையும் என்னைய எண்ணிட்டு இருக்கச் சொல்றியா?"